தள்ளுப் பொத்தானும் என் மச்சானின் உள்ளங்கையும்

சுடுகிறவனைவிட, சுடுகிறவனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத்தான் பயம் அதிகம். அப்படிப் படுத்திருப்பதுதான் என் உத்தியோகம்.

வாரநாள்களில் நான் பெண்டாங்கில் மளிகைக் கடைக்காரன். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. பயிற்சி இருக்கும் வாரங்களில் அந்த இரண்டு நாளும் கடையை மனைவி பரமேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டு, பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு பகுதி நேரப் படைவீரனாகிவிடுவேன். அங்கே எனக்குக் கோப்பரல் பதவி. புதியவர்கள் சுடுதளத்தில் குப்புறப் படுத்துச் சுடும்போது, அவர்களுக்கு வலப்பக்கம் ஒட்டிப் படுத்துக்கொண்டு, அவர்கள் கையையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. பிள்ளைக்குக் காடி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தபடியே போகும் தகப்பன்மார்களே, லிஃப்ட் வரும்வரை பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பவர்களோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எங்கள் துப்பாக்கியின் வலப்பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புத் துண்டுக்குப் போல்ட் என்று பெயர். அந்த போல்ட் முழுக்க மூடாமல் கொஞ்சம் பின்தங்கி நின்றால், இந்தப் பொத்தானை அமுக்கி அதை முன்னால் தள்ளலாம். நாங்கள் அதைத் தள்ளுப் பொத்தான் என்போம். சிக்கிக்கொண்ட துப்பாக்கியை இது சரியாக்குமா, இல்லை சிக்கலை இன்னும் இறுக்கிவிடுமா என்று எங்கள் முகாமில் இரண்டு கட்சி உண்டு. நான் பயந்தவர்கள் கட்சி.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எப்போதாவது ஒரு தோட்டா முழுதாக வெடிக்காமல் 'புஸ்' என்று அடங்கிவிடும். குண்டு வெளியே போகாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவை அடித்துத் தள்ளி மூடிவிட்டு விசையை இழுத்தால், துப்பாக்கி சுடுகிறவன் முகத்தருகிலேயே வெடித்துவிடும்.

அந்த முகம் என் மச்சான் குமாரின் முகமாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம். குமார் என் மனைவிக்கு ஒரே தம்பி. நான் உடுப்பு மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து ஆசைப்பட்டு அவனும் படையில் சேர்ந்தான். முதல் நாள் நாங்கள் கிளம்பும்போது பரமேஸ்வரி கடை வாசலில் நின்றுகொண்டு, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தா பாருங்க, இவன முழுசா கூட்டிட்டுப் போறீங்க. முழுசா கூட்டியாந்து விட்டுறணும்."

தட்டினால் ஓடும்

குமார் மெர்போக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அது ஸ்டார்ட் ஆகாத நாள்களில் அடியில் புகுந்து மோட்டாரை ஒரு தட்டுத் தட்டுவான், உடனே உறுமும். வீட்டுத் தண்ணீர் பம்பு, ரேடியோ, காற்றாடி எல்லாமே அவன் உள்ளங்கைக்குப் பழகிய ஜீவன்கள். அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது அவனுக்கு வேதவாக்கு.

முதன்முதலாகத் துப்பாக்கி கைக்கு வந்ததும் தோட்டா அடைத்த மேகசினைச் செருகினான், போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் கைப்பிடியை இழுத்துவிட்டான். போல்ட் அழகாக மூடியது. எல்லாம் சரி என்று நான் மூச்சு விடுவதற்குள், வலது உள்ளங்கையால் தள்ளுப் பொத்தானில் பொட்டென்று ஓர் அடி வைத்தான். மூடின போல்ட்டை எதற்கடா அடிக்கிறாய் என்று கேட்டேன். சும்மா ஒரு சேஃப்டிக்கு என்றான். சுட்டான், நின்றான், மறுபடியும் அடித்தான். சாமி கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனைப்போல ஒவ்வொரு தடவையும் ஓர் அடி. நல்ல துப்பாக்கியை அடித்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அந்தக் கை பழகிவிட்டால், நல்லது எது கெட்டது எது என்று பார்க்கவா போகிறது? எனக்குப் படுத்த இடத்திலேயே வியர்த்தது. இப்படி எதையும் பார்க்காமல் அடிக்காதே, ஒருநாள் ஆபத்தாகிவிடும் என்று கெஞ்சினேன். அவன் என் தோளைத் தட்டி எனக்கே தைரியம் சொன்னான்: "மாமா, தட்டுனா கேக்காத மிஷின நான் இன்னும் பாத்ததே இல்ல லா."

சார்ஜனின் பாடம்

என் பேச்சு எடுபடாததால், பயிற்சிக்குப் பொறுப்பான சார்ஜன் ரோஸ்லியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர், பேசினால் மறக்காது. அன்று பசியாறும் இடைவேளையில் எல்லாரையும் நிழலில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். சுடவில்லை என்றால் மேகசினின் அடியில் ஒரு தட்டு, கைப்பிடியைக் கடைசிவரை ஓர் இழு, உள்ளேயிருந்து என்ன வெளியே வருகிறது என்று ஒரு பார்வை, அப்புறம் கைப்பிடியை விடு. அவ்வளவுதான். ஒரு தோட்டா உள்ளே போக மறுக்கிறது என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். காரணத்தை வெளியே எடுத்துப் போடாமல் உள்ளே தள்ளி ஒளித்துவைக்கக் கூடாது என்றார்.

குமார் கையைத் தூக்கினான். அப்படியானால் துப்பாக்கி செய்தவன் அந்தப் பொத்தானை எதற்கு வைத்தான் என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். சார்ஜன் தம் துப்பாக்கியை எடுத்து, உள்ளே காலியா என்று பார்த்துக் காட்டி, போல்ட்டை ஒரு நூல் அளவு பின்தங்க விட்டு, கட்டைவிரலால் மெதுவாக அமுக்கி மூடினார். கட்டைவிரலுக்கு மூடினால் சரி, மூடவில்லை என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும் என்றார். பிறகு குமாரைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னார். பழக்கதோஷம், அவன் உள்ளங்கையால் இரண்டு போடு போட்டான். இது துப்பாக்கி, வீட்டு வாசல் மணி இல்லை என்று எல்லாரும் சிரிக்கச் சார்ஜன் மலாயில் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "இனி செனாப்பாங், புக்கான் லோச்செங் ருமா."

மணி அண்ணன் கட்சி

எதிர்க்கட்சித் தலைவர் மணி அண்ணன். பண்டார் பாருவில் பள்ளி வேன் ஓட்டுகிறார். படையில் எனக்கு மூத்தவர். முன்பு ஒரு மழைக்காலப் பயிற்சியில் சேற்றில் விழுந்து எழுந்தபோது தம் துப்பாக்கி மூடவில்லை என்றும், பொத்தானை ஓங்கி ஓர் அடி அடித்ததும் மூடிச் சுட்டது என்றும் சொல்வார். நான் விடவில்லை. அந்தச் சேறு குழாய்க்குள்ளும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணே என்றேன். இல்லையே என்றார். இருந்திருந்தால் என்றேன். இல்லையேடா என்றார். நடக்காததை நினைத்து வியர்ப்பது என் பிறவிக் குணம். நடந்ததை மட்டும் நம்புவது அவருடையது. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே மேசையில் கோப்பி குடித்தால் கோப்பிதான் ஆறும்.

என்னை ஆத்திரப்படுத்தியது அவர் பேச்சு அல்ல. எதிரே உட்கார்ந்து, ரொட்டியைக் கறியில் தோய்க்கக்கூட மறந்து, குமார் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அழகுதான். சார்ஜன் அரை மணி நேரம் சொன்னதை மணி அண்ணன் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டார்: "போல்ட்டு மூடலையா, பொத்தான அடி. பொண்டாட்டி பேசலையா, பூ வாங்கிட்டுப் போ. ரெண்டுலயும் நின்னு யோசிச்சவன் கெட்டான்."

சந்தனம்

ஆயுத பூசையன்று காலையில் சுடும் பயிற்சி வந்துவிட்டது. குமார் விடியலிலேயே லாரிக்குப் படையல் போட்டுவிட்டு, நெற்றி நிறைய திருநீற்றோடு வந்து சேர்ந்தான். கொட்டகையில் உட்கார்ந்து எல்லாரும் மேகசினில் தோட்டா அடைத்தோம். நான் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இவன், லாரிக்கு வைத்தது போக மீந்த சந்தனப் பொட்டலத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பொட்டு வைத்து அடைத்திருக்கிறான். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி.

முதல் தோட்டாவே பாதியில் நின்றது. ஈரச் சந்தனம் தூசியையும் சேர்த்துக்கொண்டு போல்ட்டை மூட விடவில்லை. நான் "இருடா" என்பதற்குள் பொத்தானில் அடி விழுந்தது. மூடியதுபோலத்தான் தெரிந்தது. குமார் என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை புரிந்தான். விசையை இழுத்தான், சுடவில்லை. கைப்பிடியை இழுத்தான், அசையவில்லை. உள்ளே வெடிக்காத ஒரு தோட்டா இறுகிக் கிடந்தது. சார்ஜன் வந்து, எல்லாரையும் விலகச் சொல்லி, குழாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அதை வெளியே எடுக்கும்வரை நான் குமாரின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. உள்ளே தள்ளத் தெரிந்த அந்தப் பொத்தானுக்கு வெளியே இழுக்கத் தெரியாது என்பதை அன்று எல்லாரும் பார்த்தோம். சார்ஜன் தோட்டாவை மூக்கருகில் வைத்து முகர்ந்தார். மணத்துக்குக் காரணம் என்ன என்று என்னைத்தான் கேட்டார். நான் மலாயில் ஆயுத பூசையை விளக்கிக்கொண்டிருக்கும்போது குமார் என் காதருகில் வந்து உண்மையான வருத்தத்தோடு கேட்டான்: "மாமா, சாமி கும்புட்டது தப்பா, இல்ல தண்ணி கூடக் கலந்தது தப்பா?"

கௌசல்யாவின் கட்டைவிரல்

பொத்தானைப் பற்றிக் கெட்டதையே சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கே அடுக்காது. மெர்போக் ரப்பர் காட்டுக்குள் அதிகாலையில் ஒரு பயிற்சி நடந்தது. சத்தமில்லாமல் போய்ப் பதுங்க வேண்டும், சத்தமில்லாமல் துப்பாக்கியைத் தயார் செய்ய வேண்டும். கைப்பிடியை இழுத்துத் தன்போக்கில் விட்டால் போல்ட் படாரென்று மூடும். காடு முழுக்கக் கேட்கும். அதனால் கையோடு பிடித்து மெதுவாக விட வேண்டும். அப்படி விட்டால் வேகம் போதாமல் போல்ட் கடைசியில் சற்று நின்றுவிடும்.

கௌசல்யா, சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், எங்கள் குழுவில் ஒரே பெண், எனக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்தாள். போல்ட்டைக் கையோடு முன்னால் விட்டாள், குனிந்து பார்த்தாள், கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினாள். எனக்கே சத்தம் கேட்கவில்லை. பின்னாலிருந்து குமார் அதைக் கவனித்துக்கொண்டிருந்தான் என்பதில் எனக்குப் பரம சந்தோஷம். எப்படி அவ்வளவு பதமாகச் செய்தாய் என்று அப்புறம் கேட்டேன். வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிறவள் சொன்னாள்: "புள்ள தூங்குறப்ப ரூம்பு கதவ சாத்துற மாதிரிதாண்ணே. இடிச்சா நமக்குத்தான் கஷ்டம்."

என் காது

புஸ் சத்தத்தைத் தவறவிடக் கூடாது என்று, சுடுதளத்தில் காது மூடியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிவைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனால் பரமேஸ்வரி கூப்பிடுவது கேட்காது. அது வேறு சண்டை. ஒருநாள் எல்லாரும் சுட்டுக்கொண்டிருக்கும்போது 'புஸ்' என்று கேட்டது. நான் எழுந்து இரண்டு கையையும் ஆட்டி, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மொத்தத் தளமும் நின்றது. ஒவ்வொரு துப்பாக்கியாகத் திறந்து குழாயைப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம்.

பின்னால் கொட்டகையில் மணி அண்ணன் குரோப்போக் என்னும் மீன் அப்பளப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். காற்றடைத்த பொட்டலம் அப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. அரண்டவன் காதுக்குக் குரோப்போக்கும் குண்டுதான் என்று அவர் சொல்ல, தளமே உருண்டு புரண்டு சிரித்தது. குமார் சிரித்ததுதான் எனக்கு அதிகம் உறைத்தது. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் முதலில் ஒழுங்காகக் கேள், பிறகு கத்து என்பதை எல்லார் முன்னாலும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "கோப்பரல், லாயின் காலி டெஙார் டுலு, பாரு ஜெரிட்."

புஸ்

அந்த அவமானம் ஆறுவதற்குள் ஆண்டுத் தேர்வு வந்தது. குமார் படுத்தான், நான் வலப்பக்கம் படுத்தேன். இரண்டு பக்கமும் வரிசையாகத் துப்பாக்கிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. குமார் நன்றாகவே சுட்டான். திடீரென்று, அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், அவன் துப்பாக்கி 'புஸ்' என்றது. கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா? காதை நம்புவதா, குரோப்போக்கை நினைப்பதா? 'நிறுத்து' என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. புலி வருது என்று ஒருமுறை கத்தி மானத்தை விட்டவனுக்கு, நிஜப் புலி வரும்போது வாய் வராது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

காது மூடி போட்டிருந்த குமாருக்கு எதுவும் கேட்கவில்லை. துப்பாக்கி உதைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சார்ஜன் சொன்னபடியே செய்தான், பாவம். மேகசினில் தட்டினான், கைப்பிடியை இழுத்தான், பார்த்தான். தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழுந்தது. சரிதான் என்று கைப்பிடியை விட்டான். அடுத்த தோட்டா உள்ளே போனது. போல்ட் மூடவில்லை. இம்மியளவு வெளியே நின்றது. எதுவோ உள்ளே இருந்துகொண்டு இடம் விட மறுத்தது. குமாரின் வலது உள்ளங்கை மேலே எழுந்தது.

எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. வாயால் முடியாததை என் கை செய்தது. போய்ப் பொத்தானை மூடிக்கொண்டது. குலை தூக்கிப் பழகிய உள்ளங்கை முழு வேகத்தில் என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. 'ஐயோ அம்மா' என்று நான் போட்ட சத்தத்தில் தளமே தானாக நின்றுவிட்டது. ஓடிவந்த சார்ஜன் முதலில் துப்பாக்கியைத்தான் வாங்கினார். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, குழாய்க்குள் முன்பக்கமிருந்து கம்பியை விட்டார். கம்பி கடைசிவரை போகாமல் நின்றது. தட்டித் தள்ளியபோது முந்தைய குண்டு அப்படியே பின்பக்கமாக மணலில் வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மணி அண்ணன் தம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குமார் தரையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரிந்த பையன் அவன். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் விரல் வலித்தது, அழுகை வந்தது, அவன் முகம் அப்படியே இருப்பதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அடிச்சிருப்பேன் மாமா. அடிச்சி மூடிட்டு, சுட்டும் இருப்பேன்."

கடை வாசலில்

கிளினிக்கில் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நாங்கள் பெண்டாங் போய்ச் சேர்ந்தபோது பரமேஸ்வரி ஒரு மலாய் அம்மாவுக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து தம்பியின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. வழக்கம்போல அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே திரும்பினாள். அப்போதுதான் என் கட்டு அவள் கண்ணில் பட்டது. நான் மறைக்கத்தான் பார்த்தேன். பக்கத்திலிருந்த குமார் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான், தன் கை ஓங்கியதையும் சேர்த்து.

அவள் அவனைத் திட்டவில்லை. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அரிசிக்காகக் காத்திருந்த அந்த அம்மாவையும் மறந்து, கட்டை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பயிற்சி இருக்கும் ஒவ்வொரு வாரமும் நானும் அதே தளத்தில், அதே துப்பாக்கிக்குப் பக்கத்தில்தான் படுத்துக் கிடக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இவன முழுசா கொண்டாந்துட்டீங்க. ஒங்கள முழுசா கொண்டாரச் சொல்லி யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி அனுப்பாம விட்டுட்டனே நானு."

சிக்கிக்கொண்ட துப்பாக்கிக்குத் தள்ளுப் பொத்தான் உதவுமா உதவாதா என்று இப்போது யாராவது கேட்டால், கறுத்துப்போன நகத்தைக் காட்டி, நடுவில் ஒரு விரல் இருந்தால் கண்டிப்பாக உதவும் என்று சொல்லிவிட்டுக் கடை வேலையைப் பார்க்கிறேன்.